அப்பளத்துக்கு ஒரு பாய்லர்

கோலா சாவா,
மலேசியா,
22 நவம்பர் 2023

அன்புத் தம்பி சத்தியசீலனுக்கு,

அக்கா குமுதவல்லி எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். அவருடைய முட்டி வலி மட்டும் சொல் பேச்சு கேட்க மாட்டேன் என்கிறது. லீட்ஸில் நீயும் ஜேனட்டும் சுகந்தானே? போன் போட்டால் "வேலையில இருக்கேன்கா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அதனால்தான் பேனாவை எடுத்தேன். நீ சீமைக்குப் போன புதிதில் எழுதிக்கொண்டோமே, அதுபோல எழுதுவோம்.

தீபாவளி வந்தது, போனது. அப்பளம்தான் வீட்டைவிட்டுப் போகவில்லை. சிரம்பான் லோபாக்கில் திருச்செல்வம் கடைக்கு எடுத்த ஆர்டரில் பாதியைத்தான் கொடுக்க முடிந்தது. காலையில் வெயில் பல்லைக் காட்டும். நானும் பக்கத்து வீட்டுப் பஞ்சாலையும் உருட்டித் தேய்த்துப் பாயில் பரப்பி முடிப்போம். இரண்டு மணிக்கு மேகம் திரண்டுவிடும். பாயைத் தூக்கிக்கொண்டு ஓடி ஓடியே பஞ்சாலை இளைத்துவிட்டாள். எனக்கு உழைக்க வேண்டும் என்று அவள் தலையெழுத்து.

உன் மச்சானுக்கு ஒரு யோசனை தோன்றியது. ரந்தாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்ஷீட் காய வைக்கிற பழைய புகைக்கூடம் சும்மா கிடக்கிறது, அங்கே வைக்கலாம் என்றார். வைத்தோம். நன்றாகத்தான் காய்ந்தது. பொரித்துப் பார்த்தால் லாரி டயர் வாசம். பஞ்சாலை வீட்டு நாய்கூட மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. சிரிக்காதே. பொங்கலுக்கும் மழை இப்படியே பிடித்தால் அந்தக் கடைக்காரர் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். அதுதான் இப்போது என் கவலை.

ஜேனட்டைக் கேட்டதாகச் சொல். உடனே பதில் போடு.

அன்புடன்,
அக்கா குமுதவல்லி


லீட்ஸ்,
9 டிசம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் நலம். மச்சானை மாடிப்படி ஏற விடாதீர்கள். டயர் அப்பளத்தைப் படித்துவிட்டு வேன் ஓட்டும்போது நினைத்து நினைத்துச் சிரித்தேன். சிரிப்பு வந்து ரொம்ப நாளாகிறது.

அக்கா, உங்களுக்குத் தேவை வெயில் இல்லை. ஈரமில்லாத சூடு. அந்த வேலையைத்தான் நான் இங்கே இருபது வருஷமாகச் செய்கிறேன். இந்த ஊரில் ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைச் சுவரில் ஒரு பாய்லர் தொங்கும். பாய்லர் என்றதும் எண்ணெய் ஆலையில் சங்கு ஊதுகிற பூதத்தை நினைக்காதீர்கள். துணி அலமாரியில் பாதி அளவுதான் இருக்கும். கேஸில் தண்ணீரைச் சூடாக்கிக் குழாய் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பும். அறையில் ரேடியேட்டர் என்று இரும்புப் பலகைகள் இருக்கும். சுடுதண்ணீர் அதற்குள் ஓடித் திரும்பும், அறை சூடாகும். புகை கிடையாது, வாசம் கிடையாது.

ஒரு வாடிக்கையாளர் வீட்டில் பாய்லரையும் ஐந்து ரேடியேட்டரையும் கழற்றப் போகிறார்கள். ஆறு வருஷம்தான் ஓடியது. வருஷா வருஷம் நானே சர்வீஸ் பார்த்த பெட்டி. குப்பைக்குப் போவதைவிட உங்களுக்கு வரட்டும். அங்கே அடுப்புக்கு வாங்குகிற தோம்பு கேஸில் ஓடுகிற மாதிரி மாற்றித் தருகிறேன். வீட்டுப் பின்னால் ஒரு சிறிய அறை கட்டி வையுங்கள். குழாய் இழுக்கிற வேலையை வேறு யாரிடமும் கொடுக்காதீர்கள். நான் வந்து செய்கிறேன்.

தம்பி,
சத்தியசீலன்


கோலா சாவா,
4 ஜனவரி 2024

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். குளிர்காலத்தில் உனக்கு இருமல் வருமே, இந்த வருஷம் எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தை மச்சானுக்குப் படித்துக் காட்டினேன். "நெகிரி செம்பிலான்ல வீட்டுக்கு ஹீட்டர் போடற மொத ஆளு நாமதான் லா" என்றார். இரண்டு நாளாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் இதே பேச்சு. காப்பிக் கடையில் ஒருவர் அடுத்து பனிச்சறுக்கு எப்போது என்று கேட்டாராம்.

நான் படித்ததெல்லாம் கடைசி வரியைத்தான். நான் வந்து செய்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசியாக நீ வந்தது அம்மாவின் பதினாறாம் நாளுக்கு. அதற்கப்புறம் எத்தனை தீபாவளி போய்விட்டது. ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் என்பாய். இப்போது பாய்லர் புண்ணியத்தில் வருகிறாய். எந்தச் சாமியைக் கும்பிட்டேனோ தெரியவில்லை, அது கேஸில் ஓடுகிற சாமியாக இருக்கும்.

பின்பக்கம் கொய்யா மரத்தை வெட்டி இடம் விட்டாயிற்று. வீரமுத்து என்று இங்கே ஒரு கொத்தனார், அவர் செங்கல் இறக்கிவிட்டார். அறைக்கு ஜன்னல் வேண்டுமா வேண்டாமா என்று கேட்கிறார். உடனே எழுது. ஜேனட்டும் வருகிறாளா? வந்தால் காரம் குறைத்துச் சமைக்கப் பழகிக்கொள்வேன்.

அன்புடன்,
அக்கா


லீட்ஸ்,
30 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் மச்சானும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள். கை விறைத்திருக்கிறது.

ஜன்னல் வேண்டாம். மேலே காற்றுப் போக இரண்டு ஓட்டை போதும், ஈரம் வெளியேற வேண்டும். சாமான்களை நேற்று மரப்பெட்டியில் அடித்துக் கப்பல் கம்பெனியிடம் கொடுத்துவிட்டேன். போர்ட் கிள்ளானுக்கு வந்து சேர இரண்டு மாதம் ஆகலாம். லோபாக்கில் யாக்கூப் பாய் என்று ஒரு ஏஜெண்ட், சுங்க இலாகா வேலையெல்லாம் அவர் பார்த்துக்கொள்வார். அவர் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள்.

பெட்டியைப் பூட்டியதும் வீடு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது. வேறொன்றும் விசேஷமில்லை.

தம்பி,
சத்தியசீலன்


கோலா சாவா,
6 ஏப்ரல் 2024

என் தங்கத் தம்பிக்கு,

சுகம், சுகம், மிகவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மாட்டேன். நேரில் பார்த்துக்கொள்கிறேன்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். பெட்டி வந்துவிட்டது. ஆனால் சுங்கத்தில் நிற்கிறது. யாக்கூப் பாய் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வாழ்க்கையில் பார்த்ததெல்லாம் ஆலைப் பாய்லர். அதனால் சுங்கப் பாரத்தில் சாமான் வகைக்கு எண்பத்து நான்கு புள்ளி சைபர் இரண்டு என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டார். அது நீராவிப் பாய்லருக்கு உள்ள எண்ணாம். நீராவி என்றால் வெடித்துத் தொலைக்கும் என்று வேறொரு இலாகாவின் அனுமதி கேட்டார்களாம். ஒரு வாரம் அதில் போனது. பிறகு என்னையும் போர்ட் கிள்ளானுக்கு அழைத்துப் போனார்.

அங்கே கமர்ஜஹான் என்று ஒரு பெண் அதிகாரி. நம் சிரம்பான் பிள்ளை, நன்றாகத் தமிழ் பேசுகிறாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, இது வீட்டைச் சூடாக்கற பாய்லர். நம்ம ஊர்ல இது எதுக்கு?" என்று கேட்டாள்.

நான் மறைப்பேனா? "அப்பளத்துக்கு" என்றேன்.

யாக்கூப் பாய் என் காலை மிதித்தார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்பளம் காய வெக்கற மெஷின்னு சொன்னா அதுக்கு வேற நம்பர் இருக்கு. பாய் பயந்துட்டாரு பாருங்க" என்றாள். அப்புறம் பொறுமையாக விளக்கினாள். "நீங்க கொண்டுபோய் எதுக்கு வெச்சுக்கறீங்கன்னு நாங்க பார்க்க மாட்டோம். அதை எதுக்காகச் செஞ்சாங்களோ அதுதான் கணக்கு. இது ரேடியேட்டர்ல சுடுதண்ணி ஓட்டி வீட்டைச் சூடாக்கத்தான் செஞ்சது. அதனால சைபர் மூணு." அப்படியே மாற்றிக்கொண்டாள். இனி அந்த வேறு இலாகா தொல்லை இல்லை.

அவள் அடுத்துச் சொன்னதுதான் விஷயம். "இதுக்கு வரியே வராது போலிருக்கே. உங்க தம்பி வெளிநாட்டுல இருந்து நிரந்தரமாத் திரும்பறேன்னு எழுதிக் கொடுத்திருக்காரு. திரும்பி வர்றவங்க சொந்தமா வெச்சுப் புழங்கின வீட்டுச் சாமானுக்குச் சலுகை இருக்கு. அவரு பாஸ்போர்ட்டோட நேர்ல வந்தா போதும். எப்ப வர்றாரு?"

தம்பி, நான் அங்கேயே ஒரு நாற்காலியைப் பிடித்து உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பிள்ளை தண்ணீர் கொடுத்தாள். நிரந்தரமாக வருகிறாய், அதை எனக்குச் சொல்லவில்லை. நேரில் வந்து நின்று அக்காவை அதிர வைக்கலாம் என்று நினைத்திருப்பாய். கஸ்டம்ஸ் உன் குட்டை உடைத்துவிட்டது.

பஞ்சாலையிடம் சொன்னேன். அவள் உன்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் போல அழுதாள். வீரமுத்துவைக் கூப்பிட்டு முன் அறைக்கும் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டேன். என்றைக்கு வருகிறாய்? ஊருக்கெல்லாம் சூடு வைக்கிறவனுக்குக் கை விறைக்குதாம். இங்கே வா, வேர்த்துக் கொட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அக்கா


லீட்ஸ்,
11 மே 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமானதற்கு வேலைதான் காரணம்.

நீங்கள் ஒன்றைத் தப்பாகப் புரிந்துகொண்டீர்கள். அது கப்பல் கம்பெனிக்காரர்கள் வழக்கமாகப் போடுவது. அப்படிப் போட்டால் வரி இல்லை, வேலை சுலபம். அவ்வளவுதான். நான் இப்போதைக்கு வரவில்லை. யாக்கூப் பாய் ஏதாவது செய்து எடுத்துக் கொடுப்பார். குழாய் இழுக்கும் படத்தை வரைந்து வைத்திருக்கிறேன், உங்கள் ஊர்ப் பிளம்பர் யாருக்காவது காட்டுங்கள். கஷ்டமான வேலை இல்லை.

முன் அறைக்குச் சுண்ணாம்பு அடித்திருக்க வேண்டாம்.

தம்பி,
சத்தியசீலன்


கோலா சாவா,
25 மே 2024

தம்பி சத்தியசீலனுக்கு,

நாங்கள் சுகம். உன் கடிதம் கிடைத்தது. அதை மச்சானுக்குப் படித்துக் காட்டவில்லை.

நீ வரவில்லை என்பதை நான் எப்படியோ விழுங்கிக்கொள்வேன். பழக்கம்தான். ஆனால் வரிக்குப் பயந்து கவர்ன்மெண்டுக்குப் பொய் எழுதினாய் பார், அது தொண்டையில் நிற்கிறது. நம் அப்பா தோட்டத்துப் பால்கொட்டாயில் ரப்பர் பாலில் ஒரு துளி தண்ணீர் கலந்ததில்லை. வாளி எடை குறைந்து கணக்கெழுதும் கிராணி திட்டினாலும் கலந்ததில்லை. அவர் பிள்ளை வரப்போவதாகச் சொல்லிப் பாய்லரைக் கடத்துகிறான்.

அதனால் நான் நேற்று பஸ் ஏறிப் போய்க் கமர்ஜஹானிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "என் தம்பி வரலம்மா. வர்றதாச் சொன்னது பொய். அந்தப் பாய்லரும் அவனுது இல்ல, யாரோ வாடிக்கையாளர் வீட்டுல கழட்டினது. அவனை மன்னிச்சு என்ன வரியோ என்கிட்ட வாங்கிக்கோ" என்றேன்.

மனசு லேசாகும் என்று நினைத்துப் போனேன். அவள் முகம் மாறிவிட்டது. "ஐயோ அக்கா, இதை ஏன் எங்கிட்ட வந்து சொன்னீங்க?" என்றாள். பொய்யான அறிவிப்பு என்றால் அது தனிக் குற்றமாம். நான் சொன்ன பிறகு அவளால் கேட்காத மாதிரி இருக்க முடியாதாம். பாய்லர் உன்னுடையதுதான், நீ புழங்கியதுதான், திரும்பி வரும் எண்ணத்தில்தான் அனுப்பினாய் என்பதற்கு நீ ஆதாரம் அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் உன் பெயரில் வழக்கு வரலாம். வேறு வேலையாக அங்கே வந்திருந்த யாக்கூப் பாய் வெளியே வந்து தலையில் அடித்துக்கொண்டார். "முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன் தங்கச்சி. சாமானை எடுக்கப் பொய் சொன்னவங்களைப் பார்த்திருக்கேன். மாட்டிவிடறதுக்கு உண்மை சொன்ன ஆளை இப்பதான் பார்க்கறேன்" என்றார்.

உனக்கு நல்லது செய்யப் போய்த் தலையில் கல்லைப் போட்டுவிட்டேன். என்ன செய்ய வேண்டுமோ செய். உடனே எழுது. ஜேனட்டிடமும் கலந்து பேசு, அவளுக்குச் சட்டம் தெரிந்திருக்கும்.

அக்கா


கோலா சாவா,
7 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

சுகமா? ஆறு வாரமாக ஒரு வரி இல்லை. போனும் எடுப்பதில்லை. கோபமாக இருந்தால் திட்டியாவது எழுது. நீ திட்டினால் நான் திருப்பித் திட்டுவேன், அது ஒரு பேச்சாக இருக்கும். இப்படிக் கிணற்றில் போட்ட கல்லாக இருந்தால் நான் என்ன செய்வேன்? தபால்காரன் மோட்டார் சத்தம் கேட்டால் வாசலுக்குப் போகிறேன், அவன் கரண்டு பில்லைக் கொடுத்துவிட்டுப் போகிறான்.

இங்கே மழை பரவாயில்லை. பின் அறை அப்படியே பூட்டிக் கிடக்கிறது.

அக்கா


லீட்ஸ்,
24 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். இந்தக் கடிதத்தில் மட்டுமாவது அதை எழுத வேண்டாம்.

கமர்ஜஹான் கேட்டதையெல்லாம் யாக்கூப் பாய்க்கு அனுப்பிவிட்டேன். வழக்கு எதுவும் வராது, பயப்படாதீர்கள். ஏனென்றால் சுங்கத்துக்கு நான் கொடுத்தது அத்தனையும் உண்மை. அவர் உங்களிடம் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அது வாடிக்கையாளர் வீட்டுப் பாய்லர் இல்லை. என் வீட்டுப் பாய்லர். ஜேனட் என்னை விட்டுப் போய் இரண்டு வருஷமாகிறது. சண்டை எதுவும் இல்லை. என்னோடு இருக்கும்போதும் தனியாக இருப்பதுபோல இருக்கிறது என்றாள். அது உண்மைதான். வீட்டை விற்றுப் பங்கு பிரித்துக்கொண்டோம். வாங்கியவர்கள் வேறு விதமாகச் சூடு போடப் போகிறோம், இந்தப் பெட்டி வேண்டாம் என்றார்கள். அந்த நேரத்தில்தான் உங்கள் டயர் அப்பளக் கடிதம் வந்தது. சமையலறையில் நின்றபடி படித்துச் சிரித்தேன். நிமிர்ந்து பார்த்தால் எதிரே சுவரில் பாய்லர். ஊருக்குப் போய்விடலாம் என்று அந்த நிமிஷம்தான் தோன்றியது. அக்காவுக்கு அறையைச் சூடாக்கிக் கொடுத்துவிட்டு அங்கேயே இருந்துவிடலாம் என்று. நிரந்தரமாகத் திரும்புகிறேன் என்று கையெழுத்துப் போட்டபோது அதை நம்பித்தான் போட்டேன். பாய்லரைக் கழற்றிய பிறகு சாவியைக் கொடுக்கும்வரை மூன்று வாரம் அந்த வீட்டில் கோட்டைப் போட்டுக்கொண்டே தூங்கினேன். கை விறைத்தாலும் மனசு சந்தோஷமாக இருந்தது.

மார்ச்சில் டிக்கெட் எடுத்து மான்செஸ்டர் விமான நிலையம்வரை போனேன் அக்கா. பெட்டியை எடை போடும் இடத்தில் என் முறை வந்தது. அதற்குள் மனசுக்குள் கோலா சாவாவுக்கு வந்து இறங்கிவிட்டேன். மச்சான் வருகிறார், பஞ்சாலை அக்கா வருகிறார், ஜேனட் வரலையா என்று கேட்கிறார். அவர்களுக்கெல்லாம் நான் வீடும் வாசலும் வெள்ளைக்காரப் பெண்டாட்டியுமாக இருக்கிற இன்ஜினியர். ஐம்பத்து மூன்று வயதில் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டு வாசலில் நிற்கிற ஆள் இல்லை. பின்னால் இருந்தவருக்கு வழி விட்டுவிட்டுப் பஸ் பிடித்துத் திரும்பிவிட்டேன்.

இப்போது ஒரு கடைக்கு மேலே வாடகை அறையில் இருக்கிறேன். இங்கே யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை. அது வசதியாக இருக்கிறது, அக்கா. சில ஞாயிற்றுக்கிழமைகளில் என் குரலையே நான் கேட்பதில்லை. அதுவும் பழகிவிட்டது.

யாக்கூப் பாய் சொல்கிறார், உரிமையாளர் திரும்பி வரவில்லை என்று நீங்கள் ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போட்டு வரியைக் கட்டினால் சாமான்களை உங்கள் பெயரில் மாற்றிக் கொடுத்துவிடுவார்களாம். கட்ட வேண்டியதை அவருக்கு அனுப்பிவிட்டேன். போட்டுவிடுங்கள். நான் வரமாட்டேன். அடுத்த மழைக்குள் அறையாவது ஓடட்டும்.

தம்பி,
சத்தியசீலன்


கோலா சாவா,
19 ஆகஸ்ட் 2024

என் தம்பி சத்தியசீலனுக்கு,

உன் கடிதம் வந்த அன்று நான் சமைக்கவில்லை. மச்சான் கடையில் ரொட்டி வாங்கி வந்தார். மறுநாள் அவருக்குப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். பஞ்சாலைக்கு நானே சொன்னேன். அவள் கேட்பாள் என்றுதானே பயந்தாய்? "பையன் சாப்பாட்டுக்கு என்ன பண்றான்?" என்பதைத்தான் முதலில் கேட்டாள். ஜேனட்டைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கஸ்டம்ஸுக்கு உண்மையைச் சொல்லியிருக்கிறாய், அக்காவுக்குப் பொய் சொல்லியிருக்கிறாய். நான் கடிதத்துக்குக் கடிதம் ஜேனட் சுகமா என்று கேட்டிருக்கிறேன். இருவரும் நலம் என்று நீயும் பதில் எழுதியிருக்கிறாய். ஒருவனாக உட்கார்ந்துகொண்டு இருவரும் நலம் என்று எழுதினாயே, அதை நினைத்தால்தான் எனக்கு ஆறவில்லை. நான் உன்னை வேண்டுமென்றே குத்தியது போல ஆகிவிட்டதே, தம்பி.

உன்மேல் கோபமும் இருக்கிறது. மறைக்கவில்லை. பெட்டியோடு வாசலில் வந்து நின்றால் நான் உன்னிடம் கணக்கா கேட்பேன்? மச்சானுக்கு வேலை பறிபோன வருஷம் நாங்கள் பஞ்சாலை வீட்டில் ஆறு மாதம் இருந்தோம், உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு ஏன் கவலை என்று நானும் சுகம் சுகம் என்றுதான் எழுதிக்கொண்டிருந்தேன். பொய்யில் நாம் இரண்டு பேரும் ஒரு வயிற்றில் பிறந்தவர்கள்தான்.

வெள்ளிக்கிழமை யாக்கூப் பாயோடு போர்ட் கிள்ளானுக்குப் போனேன். கமர்ஜஹான் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உன் பேரில் இருந்த சந்தேகமெல்லாம் தீர்ந்தது என்றாள். "எல்லாம் சரியா இருக்கு அக்கா. ஆள் ஒண்ணுதான் குறை" என்றாள். ரொம்ப நாள் வைத்திருக்க முடியாது, கெடு தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும் என்றும் சொன்னாள். அவள்மேல் தப்பில்லை. தன்னால் ஆன மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறாள்.

யாக்கூப் பாய் கடிதத்தை மலாயில் டைப் அடித்துத் தயாராக வைத்திருந்தார். லாரிக்கும் சொல்லிவிட்டார். கையெழுத்துப் போட்டால் சாயங்காலமே பெட்டி வீட்டுக்கு வந்துவிடும். திருச்செல்வம் தீபாவளி ஆர்டரைப் பற்றி இரண்டு தடவை கேட்டுவிட்டார், அவருக்கு இந்த வாரம் பதில் சொல்ல வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஒன்றும் புத்தி கெட்டுப் போய்ச் செய்யவில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

பேனாவை வாங்கிக்கொண்டு ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். மூன்றே வரி. என் தம்பி சத்தியசீலன் இந்த நாட்டுக்கு நிரந்தரமாகத் திரும்பி வரமாட்டார் என்று நான் உறுதி கூறுகிறேன். கீழே என் பெயர்.

"சும்மா ஒரு வழக்கத்துக்குத்தான் தங்கச்சி, போட்டுடுங்க" என்றார் யாக்கூப் பாய்.

நான் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். கமர்ஜஹான் வாசல்வரை கூட வந்தாள். லாரிக்காரன்தான் வெயிலில் காத்திருந்ததற்குக் கத்தினான், பாய் அவனைச் சமாதானம் செய்து அனுப்பினார். பெட்டி ஏலத்தில் போகட்டும். யார் எடுக்கிறார்களோ, சைபர் மூன்றோ சைபர் இரண்டோ, அவர்களாவது சூடாக இருக்கட்டும். திருச்செல்வத்திடம் இந்தத் தீபாவளிக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். நானும் பஞ்சாலையும் வெயில் அடிக்கிற அன்று அப்பளம் போடுவோம், மழை பெய்கிற அன்று உட்கார்ந்திருப்போம். நீ யாக்கூப் பாய்க்கு அனுப்பிய பணத்தை உனக்கே திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். கோட்டு ஒன்று நல்லதாக வாங்கிக்கொள்.

வரமாட்டேன் என்று உன் கையால் எழுதிவிட்டாய். அது உன் கை, நான் என்ன செய்ய முடியும். அதையே என் கையால் எழுதச் சொல்லாதே.

உன் அக்கா,
குமுதவல்லி